மூன்றாமவரின் பெயர்

கண்டியில் நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையில் அவர் துணை ஆசிரியர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, தடித்த கண்ணாடி. ஒரு சொல்லை வெட்டுவதற்கு முன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

கலவர நாட்களில் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எரித்துவிட்டார்கள். "கள்ளத்தோணிகள் மூவர் பலி" என்று செய்தி வந்தது. மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் அந்த முதற்சொல்லை அவர் வெட்டினார்.

யாழ்ப்பாணத்தவரான ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் பாவிக்கிற சொல்தானே?"

"நெருப்பு வெக்க வந்தவனும் இதத்தான் சொல்லிருப்பான் சேர். நாங்களும் அதையே போடுறதா?"

"அப்ப என்னெண்டு போடப்போறீர்?"

"பேரைப் போடுவோம்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு பஸ் நிலையத்துக்குப் போனார்.

மறுநாள் மாலை, சேறு படிந்த காற்சட்டையோடு இரண்டு பெயர்களைக் கொண்டுவந்தார். மூன்றாமவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் காட்டுக்குள் ஓடிவிட்டார்களாம். ஆசிரியர் அந்தப் பெயர்களை எழுதி, "அடையாளம் தெரியாத தொழிலாளி ஒருவரும்" என்று சேர்த்தார். பத்திரிகை அச்சுக்குப் போனது.

அடுத்த நாள் காலையில் அவர் மறுபடியும் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். செய்திதான் வெளிவந்துவிட்டதே. ஆளில்லாத அந்த லயத்தில் யாரிடம் கேட்கப் போனார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.