மணிக்கட்டில் ஒரு பொறி

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் எலிப்பொறி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பாவு நூலை எலி கடித்தால் சேலையே பாழாகிவிடும். பொறி என்ற சொல்லை நான் முதலில் அறிந்தது அந்தக் கூண்டின் பெயராகத்தான். பின்னர்ப் பாசுரம் கற்ற நாளில் கண்ணும் செவியும் மூக்கும் நாவும் மெய்யும் பொறிகள் என்று அறிந்தேன். இயந்திரமும் பொறிதான், நெருப்பின் துளியும் பொறிதான். பதித்தலைக் குறிக்கும் பொறித்தல் என்ற வினைக்கு இச்சொல் உறவு என்பார்கள். எந்தப் பொருள் முந்தியது என்று தீர்த்துச் சொல்லும் புலமை எனக்கில்லை. ஆயினும் கையடக்கமான சாதனம் எதுவானாலும் ஊரார் மிஷின் என்பார்கள், நான் பொறி என்பேன்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தனியாக இருப்பவன், பால்காரம்மா வந்து குரல் கொடுக்கும்வரை எழ முடியவில்லை. பெங்களூரில் வேலை செய்யும் மகன் மறுநாளே வந்து, கடிகாரம் போன்ற ஒன்றை என் மணிக்கட்டில் கட்டினான். நான் விழுந்தால் அது தானே அவனை அழைக்குமாம். கட்டிக்கொள்ள மாட்டேன் என்றால் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அவன் வீடு அடுக்குமாடியின் உச்சியில் இருக்கிறது. நாள்தோறும் பெருமாளைச் சேவிக்காமல் அங்கே எப்படி இருப்பேன்? கையை நீட்டினேன்.

மறுநாள் காலை சந்நிதியில், வழக்கம்போல் வேரற்ற மரமாய் விழுந்து தெண்டனிட்டேன். எழுவதற்குள் மணிக்கட்டு அதிர்ந்தது. 'விழுந்துவிட்டீர்களா?' என்ற எழுத்து ஒளிர்ந்தது. இல்லை என்பதைத் தொடவேண்டும். தீர்த்தம் பட்ட ஈர விரலை அது ஏற்கவில்லை. கருவறை முன்னே மகனின் குரல் எழுந்தது.

"நைனா, வுழுந்துட்டியா? பேசு நைனா."

உள்ளிருந்து அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். "பெருமாளே கேக்கறாருன்னு நெனைச்சேன் சுவாமி" என்றார். சேவிக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்தடுத்த நாளும் அதுவே நடந்தது. அலுவலகக் கூட்டத்தின் நடுவே எழுந்து ஓடிவந்து பேசுகிற மகனின் பதற்றத்தைக் கேட்டபின் சிரிப்பு வரவில்லை.

வாசலில் பூக்கட்டும் அம்மா ஒரு வழி சொன்னாள். "அந்தப் பேஜார எங்கிட்ட குட்த்துட்டு உள்ள போங்க. பூவோட பூவா கெடக்கட்டும்." அப்படியே செய்தேன். என் நாடித்துடிப்பைத் தன் கைப்பேசியில் பார்ப்பது மகனின் வழக்கமாம். அன்று துடிப்பே காட்டவில்லை. அலுவலகம் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அழைத்தவன், நான் வெளியே வந்து பேசியதும் அழுதான். பிறகு கோபம் வந்தது.

"இன்னொரு தபா கழட்டுனியோ, நேரா வந்து இட்டுகினு பூடுவேன். மெதுவா வுழு நைனா. சாமி இன்னா ஓடியா பூடும்?"

அவன் அச்சத்தில் பிழையில்லை. அதனால்தான் அதை மீற வழியில்லாமல் போயிற்று.

மெதுவாக விழப் பழகினேன். முதலில் ஒரு முழங்கால். பிறகு தூணைப் பிடித்தபடி மற்றது. அடுத்து, கட்டிய கை அசையாமல் மற்றக் கையை ஊன்றி, மார்பைத் தரையில் வைப்பேன். ஐந்து பொறிகளையும் அடக்கித் தரும்படி ஆயுளெல்லாம் வேண்டியவன், ஆறாவது ஒன்றின் மனம் கோணாதபடி உடம்பைக் கிடத்திக்கொண்டிருந்தேன். பெருமாளின் திருவடியை நினைக்க வேண்டிய நெஞ்சு மணிக்கட்டையே நினைத்தது.

நேற்று அது அதிரவில்லை. முழுதாகக் கிடந்து முழுதாக எழுந்தேன். வாசலுக்கு வந்ததும் மகன் அழைத்தான். காலையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான், குரலில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா நைனா? இன்னிக்கு நீ வுழுந்துட்டேன்னு அது சொல்லவே இல்ல."

"ஆமாப்பா," என்றேன். "இன்னிக்கு நான் வுழவே இல்ல."