பதினோராம் ஸ்டட்

எங்கள் லாரி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில், இஞ்சினின் ஹெட் ஸ்டட்டை வீட்டிலேயே மாட்ட முடியுமா என்று இளையவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நான் மாட்டியிருக்கிறேன். எப்படி மாட்டினேன் என்பதோடு, அப்போது நடந்த இன்னொன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும்.

1. அமரவிளையில் புகை

நாகர்கோவிலில் அரிசி மூடை ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு வந்துகொண்டிருந்தேன். அமரவிளை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. வண்டியை ஓரம் கட்டினேன். சைலன்சரில் வெள்ளைப் புகை, கூடவே கூலன்ட்டின் இனிப்பு வாடை. கேபினைச் சாய்த்துப் பார்த்தால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு, ஹெட் கேஸ்கட், போய்விட்டது. இது மூன்றாவது தடவை.

முதல் தடவை போனது என் தப்பு. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது தெரிந்தும், இன்னும் நாலு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். இரண்டாம் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் தடவையும் செய்யவில்லை. அரிசியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, என் வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்த இஞ்சினைத் தொட்ட ஒரே மெக்கானிக் விஜயன். கொல்லயிலில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். என் முதல் லாரிக்கு பிரேக் சரிசெய்து தந்த நாளிலிருந்து பழக்கம். என் மகள் கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கியவன். ஆகவே அவனைத்தான் முதலில் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

நெய்யாற்றின்கரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னதையும் அவனிடம் சொன்னேன். "போல்ட்டு வலிஞ்ஞு சேட்டா. இனி ஸ்டட்டு இட்டால் மதி" என்றிருந்தார் அவர். போல்ட் இழுபட்டு நீண்டுவிட்டது, அதற்குப் பதில் ஸ்டட் போட்டால் கேஸ்கட் நிற்கும் என்பது அவர் கணக்கு. அதில் நியாயம் உண்டு. போல்ட்டை முறுக்கும்போது அது பிளாக்கின் மரைக்குள்ளேயே உராய்ந்து திரும்புகிறது. ஸ்டட் அப்படியில்லை. அது தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள கம்பி. முதலிலேயே பிளாக்கில் இறங்கி அசையாமல் நிற்கும். மேலே நட்டு மட்டும் திரும்பும். பிளாக்கின் மரைக்குத் தேய்மானம் குறைவு, பிடிப்பும் நேராக இருக்கும்.

விஜயன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணா, கம்பெனி போட்ட போல்ட்டை எடுக்காண்டாம். கேஸ்கட்டை மாத்தித் தாறேன், மதி."

இல்லை, ஸ்டட்தான் போட வேண்டும் என்றேன். அவன் மறுபடியும் வேண்டாம் என்றான். காரணம் கேட்டால் சொல்லவில்லை. கடைசியில், "எனக்க வேலையில நம்பிக்கை இல்லேண்ணா வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

எனக்கும் கோபம். வேற ஆள் எதற்கு, நானே போடுகிறேன் என்று முடிவு செய்தேன். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன், ஒவ்வொரு ரிப்பேருக்கும் இஞ்சின் பக்கத்திலேயே நின்றவன். ஆனால் பக்கத்தில் நிற்பது வேறு, ஸ்பானரைப் பிடிப்பது வேறு என்பது அடுத்த இரண்டு நாளில் தெரிந்தது.

2. லீலாபாயின் டிரே

என் மனைவி லீலாபாய் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். லாரி விஷயத்தில் அவள் தலையிட்டதே கிடையாது. ஆனால் நான் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, கழற்றிய போல்ட்டுகளை ஒரே பெயின்ட் டப்பாவில் போடுவதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு அட்டையில் பதினெட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தாள். அதற்குப் பிறகு அவள் அங்கிருந்து நகரவில்லை.

செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து, முக்காலி பைப்பில் தொங்கவிட்டு ஹெட்டைத் தூக்கினேன். அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவ, அதாவது ஃபேசிங் பார்க்க, லேத்துக்கு அனுப்பினேன். பழைய கேஸ்கட்டைப் பார்த்தால் இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவில் கருகியிருந்தது. போன தடவையும் அதே இடம்தான் என்பது ஞாபகம் வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

ஸ்டட் இறக்கும் முன்னால் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஓட்டைகளைச் சுத்தம் செய்வது. என் இஞ்சினில் ஓட்டைகளின் அடி மூடியிருக்கும். உள்ளே எண்ணெயோ தண்ணீரோ கிடந்தால், ஸ்டட் இறங்கும்போது அதற்குப் போக வழி இல்லை. முறுக்க முறுக்க அழுத்தம் ஏறி பிளாக்கே வெடித்துவிடும். பிளாக் போனால் இஞ்சினே போன மாதிரி. எங்களிடம் இருந்தது இந்த ஒரு வண்டிதான்.

நான் துணியைக் கம்பியில் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தேன். லீலா உள்ளே போய் ஒரு பெரிய சிரிஞ்சும் மெல்லிய குழாயும் கொண்டுவந்தாள். ஓட்டைக்குள் குழாயை விட்டு அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் அவள் உறிஞ்சுவாள். நான் பழைய போல்ட் ஒன்றில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி வைத்திருந்ததைக் கையால் இறக்கி மரையைச் சுத்தம் செய்வேன். மரையைப் புதிதாக வெட்டும் டேப் என்ற கருவியை இதற்குப் போடக் கூடாது. அது நல்ல மரையையும் சீவி எடுத்துவிடும்.

பத்து ஓட்டை முடிந்தது. பதினோராவதில் என் பள்ளம் வெட்டிய போல்ட் எங்கும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. லீலா டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு தன் பழைய பெட்டியிலிருந்து தியேட்டரில் கருவி வைக்கும் ஸ்டீல் டிரே ஒன்றும், ரத்தக் குழாயைப் பிடிக்கும் மெல்லிய இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் எடுத்துவந்தாள். இடுக்கியின் முனையை உள்ளே விட்டு, பைய எதையோ பிடித்து இழுத்தாள். சுருண்ட மெல்லிய தகரத் துண்டு ஒன்று வந்தது. குளிர்பான டின்னின் தகரம். ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

"இது தானா வந்து கெடக்கல்ல," என்றாள். "ஒராள் அளவு பாத்து வெட்டி வச்சதாக்கும்."

மரை போன ஓட்டையில் போல்ட் நிற்க, அதைச் சுற்றித் தகரம் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வண்டி நிற்கும்போது பிடித்தது போல இருக்கும். சூடேறி லோடு இழுக்கும்போது விட்டுவிடும். விட்டால் கேஸ்கட் போகும். பதினோராவது ஓட்டை இருப்பதும் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவில், கேஸ்கட் கருகிய அதே இடத்தில்தான். இஞ்சினைத் தொட்டவன் ஒருவன்தான். ஸ்டட் போட ஓட்டையைச் சுத்தம் செய்தால் தகரம் வெளியே வந்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்று சொன்னான் என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது.

3. முற்றத்தில் விஜயன்

தகரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் நிற்கும்போது அவன் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். லீலா கேட் பக்கம் வந்து நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கையை நீட்டி, அந்தத் துண்டைத் தரச் சொன்னாள், வாங்கி டிரேயில் போட்டாள்.

"அவனை இஞ்ச வரச் சொல்லுங்கோ. போன்ல ஒண்ணும் சொல்லாண்டாம்."

இருபது வருஷமாக நம்மோடு இருக்கிறவன் இரண்டு தடவை நம்மை ஏமாற்றியிருக்கிறான் என்றேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். தியேட்டரில் தன் சர்வீஸ் காலத்தில் ஒருதடவை ஆபரேஷனில் நோயாளியின் உடலுக்குள் வைத்த பஞ்சின் கணக்கு தப்பிப்போனதையும், அதை டாக்டரிடம் சொல்ல அரை நிமிஷம் தன் நாக்கு எழும்பாமல் நின்றதையும் சொன்னாள். சொன்னதால் நோயாளி தப்பினார். ஆனால் அந்த அரை நிமிஷத்தைத் தன்னால் இன்னும் மறக்க முடியவில்லை என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

விஜயன் வந்தான். கழற்றிய இஞ்சினைப் பார்த்தான். டிரேயில் கிடந்த தகரத்தைப் பார்த்தான். லீலா கொடுத்த தேத்தண்ணியை வாங்கினான், குடிக்கவில்லை.

"நான் தானாக்கும் அண்ணா," என்றான். "மொத தடவை ஹெட் மாட்டும்போ கடைசி இழுப்புல மரைப் பிரி போச்சு. எனக்க கைத்தெற்று, எனக்க தப்பு. தகரம் வச்சா நிக்கும்ணு நெனச்சேன்."

இரண்டாம் தடவை கேஸ்கட் போனபோதே அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அப்போதும் புதுத் தகரம் வைத்து முறுக்கினான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தானாம். நான் ரோட்டில் ஹாரன் அடித்துக் கையாட்டிப் போகும்போதெல்லாம் கையிலிருக்கிற வண்டிக்கடியில் குனிந்துகொள்வானாம். பேசும்போது அவன் கண் டிரேயை விட்டு நகரவில்லை.

லீலாதான் கேட்டாள், இதைச் சரி செய்ய முடியுமா, பிளாக்கை மாற்ற வேண்டுமா என்று.

"பிளாக்குக்கு ஒண்ணும் இல்லைக்கா. நான் செய்து தாறேன்," என்றான் அவன்.

4. முறுக்கிய நாள்

போன மரையைச் சரி செய்ய, ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, உள்ளே இன்சர்ட் எனும் மரையுள்ள இரும்புக் குழல் ஒன்றை இறக்க வேண்டும். ட்ரில் ஒரு நூல் சாய்ந்தாலும் ஸ்டட் சாய்ந்து நிற்கும், ஹெட் இறங்காது. விஜயன் லேத்தில் ஒரு தடித்த பிளேட் கடைந்துகொண்டு வந்தான். பக்கத்து இரண்டு ஓட்டைகளில் அதை போல்ட் போட்டு இறுக்கி, அதன் நடு ஓட்டை வழியாக ட்ரில் இறக்கினான். இரும்புத்தூள் சிலிண்டருக்குள் விழாமல் இருக்க லீலா ஈரத்துணி அடைத்திருந்தாள். எத்தனை துணி அடைத்தாள், எத்தனை வெளியே எடுத்தாள் என்று எண்ணிச் சொன்னாள். விஜயன் முதல்முறையாகச் சிரித்தான்.

இன்சர்ட் இறங்கிய பிறகு ஸ்டட்டுகளை நானே போட்டேன். மரையில் எண்ணெய் தொட்டு, விரலால் இறக்கி, அடியில் தொட்டதும் நிறுத்த வேண்டும். அங்கே பலம் காட்டக் கூடாது. பலமெல்லாம் மேலே நட்டுக்குத்தான். பதினோராவதை மட்டும் விஜயன் தன் கையால் இறக்கினான். ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னான்.

புது கேஸ்கட்டை வைத்து, ஹெட்டைச் செயினில் தூக்கி, பதினெட்டு ஸ்டட்டும் ஒன்றாக ஓட்டைக்குள் வரும்படி பைய இறக்கினோம். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில், மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கூட்டி முறுக்க வேண்டும். லீலா சார்ட்டைப் பார்த்து நம்பர் வாசித்தாள். நான் டார்க் ரெஞ்சைப் பிடித்தேன்; சரியான இறுக்கம் வந்ததும் அது சத்தம் கொடுக்கும். கடைசிச் சுற்றில் பதினொன்று வந்தது. ரெஞ்ச் 'டக்' என்று சொன்னது. விஜயன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, அடுத்த நாள் காலை மறுபடியும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். எல்லாம் நின்றது. அந்த வாரமே ஆரியங்கோட்டு ஏற்றத்தில் முழு லோடுடன் வண்டியை ஏற்றினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஹெட்டைத் திறக்கவே இல்லை.

5. நான் கேட்டதும் அவன் கேட்டதும்

வேலை முடிந்து சில நாள் கழித்து, உதியங்குளங்கரையில் டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டேன்.

"எலே, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிங்க விட்டிருப்பியளா அண்ணா?"

விட்டிருக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும். முதல் தடவை ஹெட் இறக்கிய அந்த வாரம், வேலை அரைநாள் தள்ளிப்போனதற்கே அவன் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆட்கள் நிற்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன் நான். மரை போனது அதற்கு அடுத்த நாள்.

அவன் செய்தது தப்புதான். தகரம் வைத்து முறுக்கக் கூடாது. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதை என்னிடம் சொல்ல ஒரு வழியை நான் திறந்து வைக்கவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான்: ஓட்டையை உலர்த்துங்கள், மரையைப் பாருங்கள், ஸ்டட்டை விரலால் மட்டும் இறக்குங்கள், நட்டை வரிசையாக முறுக்குங்கள். இதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும். உங்கள் மெக்கானிக் ஒன்றை உடைத்துவிட்டால் முதலில் உங்களிடம் வந்து சொல்வாரா என்பதை மட்டும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன மாதம் சர்வீஸுக்கு வண்டியை விட்டிருந்தேன். பத்து மணிக்கு விஜயன் கூப்பிட்டான்.

"அண்ணா, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எனக்க கையில உடைஞ்சு போச்சு."

ஒரு மூச்சு நெஞ்சுக்குள் ஏறி நின்றது. அதை வெளியே விட்டேன்.

"செரி மக்கா," என்றேன். "நான் வாறேன், சேர்ந்து பாப்போம்."