ஒரகடத்தில் புலி கேட்டவர்கள்

வனவிலங்குப் படம் எடுப்பது என்பது முக்கால்வாசி நேரம் குப்புறப் படுத்துக் கிடக்கிற தொழில். தோளில் லென்ஸும் முழங்காலில் நெருஞ்சி முள்ளுமாகத் திரியும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததில்லை. நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி. ஆறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகக் கண்ணாடித் தகடுகளில் கீறல் தேடினேன். பிறகு அதே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பறவை தேட ஆரம்பித்தேன். மலை, காடு என்று ஊர் ஊராகப் போனாலும் எனக்குச் சோறு போடுவது ஒரகடம் சாலைதான். இங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் வருஷா வருஷம் காலண்டர் வேண்டும். காலண்டரில் இயற்கை வேண்டும். இயற்கை இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருப்பதால், அதை வேறெங்காவது தேடி எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கொக்கு பார்க்க வந்தவள்

சேரப்பணஞ்சேரி பக்கம் ஓர் ஏரி. காலை வெயில் ஏறுவதற்குள் ஓர் இலைக்கோழியை எடுத்துவிடலாம் என்று கரையில் படுத்திருந்தேன். நீண்ட வால், அல்லி இலை மேல் நடக்கிற ஒய்யாரம். பதினைந்து நிமிஷம் மூச்சை அடக்கிக் கிடந்த பிறகு பின்னால் கசமுசா சத்தம் கேட்டது. திரும்பினால், புல்லுக்கட்டோடு மூன்று பெண்கள். "இன்னாமா அளக்கிற?" என்றார் ஒருவர். அளக்கவில்லை, பறவையைப் படம் எடுக்கிறேன் என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தாண்ட ஏரிலயும் இப்டித்தான் ரெண்டு பேரு வந்து கொக்கு பாக்குறேன்னாங்க. இப்ப அங்க கம்பெனி கீது" என்றார் இன்னொருவர்.

சந்தேகத்தைத் தீர்ப்போம் என்று கேமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டினேன். முதலில் கேட்டவர் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தார். ஓர் ஆளையாவது இயற்கை பக்கம் இழுத்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமிதம். அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கோழி நல்லாத்தான் கீது. உண்மையச் சொல்லு, எந்தக் கம்பெனி வருது? எம் பொண்ணு டிப்ளமோ முட்சிட்டு வூட்ல கீறா, மொதல்ல அவ பேர எழுதிக்க."

அனுமதி

தொழிற்பேட்டையில் யாரும் வாங்காத ஒரு காலி மனையில் நரி இருக்கிறது என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் போனேன். சுற்றிலும் வேலி, முன்னால் கதவு, கதவருகே ஒரு காவலாளி. அனுமதிக் கடிதம் இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, பாதுகாப்பு ஷூ போட்டிருக்கிறேனா என்று வரிசையாகக் கேட்டார். ஷூ மட்டும் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நரி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது, அவரை ஒரு பார்வை பார்த்தது, கதவுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டது. கேமரா பையில் இருந்தது. நரியை மட்டும் எப்படி உள்ளே விட்டீர்கள் என்று கேட்டேன். காவலாளி பதிவேட்டை மூடிவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அது வெளிய போய்ட்டு வருது மேடம், நைட் ஷிப்டு. நீங்கதான் புதுசு."

ஜனவரிக்குப் புலி

ஓர் உதிரிபாகக் கம்பெனியின் எச்.ஆர். மேலாளர் பாலாஜி. நல்ல மனிதர், எதையும் பட்டியலாகத்தான் பேசுவார். "ஜனவரிக்குப் புலி, பிப்ரவரிக்கு யானை, மார்ச்சுக்கு சிங்கம்" என்று ஆரம்பித்தார். நான் இந்தப் பக்கத்தில் இருக்கிற கீரி, உடும்பு, நத்தை குத்தி நாரை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "உடும்பா? கேன்டீன்ல மாட்டுற காலண்டர் மேடம்" என்று முகம் சுளித்தார்.

கடைசியில் மேனேஜர்களின் உல்லாசப் பயணத்தோடு என்னையும் வால்பாறைக்கு அனுப்பினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி நின்றது. சாலை ஓரத்துப் பாறையில் ஒரு வரையாடு. வளைந்த கொம்பு, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். இதற்காக இரண்டு வருஷமாக அந்த மலைக்குப் போய்ப் போய் வந்திருக்கிறேன். நான் முட்டி போடுவதற்குள் பதினோரு மேனேஜர்கள் இறங்கி, பாறைக்கு முன்னால் உயரவாரியாக வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். ஆடு நகரவில்லை. அதற்கு எங்களைவிடப் பொறுமை அதிகம். வரிசையின் நடுவில் நின்ற பெரிய அதிகாரி கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்: "மேடம், அந்த ஆட்டக் கொஞ்சம் லெப்ட்ல தள்ளி நிக்கச் சொல்லுங்க, என் தலைக்கு மேல கொம்பு வருது."

பஸ் நிறுத்துமிடத்தில் ஒரு கூடு

அதே கம்பெனியின் பின்பக்கம் ஜல்லி மேட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. ஜல்லிக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. நான் ஏறக்குறைய மிதித்துவிட்டேன். படத்தைப் பார்த்த பாலாஜிக்கு சந்தோஷம் தாங்கவில்லை, ஜூலை மாதத்துக்கு அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அந்த இடத்தைச் சமப்படுத்தி பஸ் நிறுத்தப் போகிறார்கள். குஞ்சு பொரிக்கிற வரை விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். "பாக்கலாம் மேடம்" என்றார். திங்கட்கிழமை ஜேசிபி வந்துவிட்டது.

நான் போனபோது அந்தப் பறவை இயந்திரத்தின் வாளிக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் முதலில் நான்கு படம் எடுத்தேன், அப்புறம்தான் ஓடிப்போய்க் கையை ஆட்டினேன். ஓட்டுநர் அதற்கு முன்பே எஞ்சினை நிறுத்தியிருந்தார். பெயர் முருகேசன், திருநெல்வேலிப் பக்கம். இறங்கி வந்து முட்டைகளைச் சுற்றி நான்கு பெரிய கல்லை வைத்தார். அன்றிலிருந்து சுற்றிலும் சமப்படுத்தினார், ஒரு கட்டில் அகல இடத்தை மட்டும் விட்டுவிட்டார். சூப்பர்வைசர் கேட்கும்போதெல்லாம் வண்டியில் ஆயில் லீக் என்பார். பகல் வெயிலில் தாய்ப்பறவை தண்ணீர் லாரி ஒழுகும் இடத்துக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். மூன்றாவது வாரம் மூன்று குஞ்சு பொரித்தது. ஒரு முட்டை பொரிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் மூன்றும் குச்சிக் காலோடு தாயின் பின்னால் மழைநீர்க் கால்வாய்க்குள் இறங்கிவிட்டன.

மறுநாள் முருகேசனுக்கு வேலையைத் தாமதப்படுத்தியதற்காக மெமோ வந்தது. அடுத்த வாரம் அவரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். காலி இடத்தில் 'பறவைகள் பாதுகாப்புப் பகுதி' என்று பலகை நட்டு, அதன் பக்கத்தில் பாலாஜியை நிற்க வைத்து நானே படம் எடுத்தேன். ஜூலைப் பக்கத்தில் பறவையின் கீழே 'எங்கள் நிர்வாகத்தின் அக்கறை' என்று அச்சானது. மனசு கேட்காமல் ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு முருகேசனைத் தேடிப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, படத்தைப் பார்த்து, எழுத்தை மெதுவாகப் படித்தார். "முட்டையக் காப்பாத்துனது நிர்வாகம், வேலையக் கெடுத்தது நானு. ரெண்டும் ஒரே எடத்துலதான் நடந்திருக்கு, பாத்தீங்களா யக்கா."

சுவர் இல்லாத ஏரி

தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நடு இடத்தில் ஓர் ஏரி: விடியல், பனி, வரிசையாக நீந்தும் கூழைக்கடாக்கள். எல்லாரும் அதன் முன்தான் நின்றார்கள். காம்பவுண்டு சுவர், உயர்மின் கோபுரம், புகைபோக்கி எதுவும் விழாத ஒரே ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாற்காலி போட வந்திருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், வேலையை விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரு ஏரிங்க இது?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எங்க ஊருங்க. தெனிக்கும் அதாண்டதான் பஸ் ஏர்றேன். சொவுரு எங்க?" படத்தில் வராத மாதிரி ஓரமாக நின்று எடுத்தேன் என்று விளக்கினேன். லென்ஸ், கோணம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் மரியாதையாகக் கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க நிக்கணும்னு எங்களுக்கும் காட்டிட்டுப் போங்க, நாங்களும் அங்கியே நின்னுகினு சொவுரு இல்லாம பாத்துக்குறோம்."

இத்தனை வருஷத்தில் ஒரு விலங்குகூட என்னைக் கடித்ததில்லை. பட்ட காயமெல்லாம் இப்படி நிதானமாகப் பேசினவர்களிடம் பட்டதுதான், அதுவும் அநேகமாக அவர்கள் பக்கம் நியாயம் இருந்தபோது.