தண்டச்சோறு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவள் வாயைத் திறந்தால் மேஸ்திரியே காது கேட்காதவர் மாதிரி நகர்ந்துவிடுவார்.

நீராவி அறைக்கு மின்விசிறி கேட்டு வேலைநிறுத்தம் என்று முடிவானது. அதற்கு முன் சங்க அறையில் பயிற்சி நடந்தது. கற்றுக்கொடுக்க வந்த டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: கை கோத்து உட்காருங்கள், இழுத்தால் உடம்பைத் தளர்த்திவிடுங்கள், யார் என்ன திட்டினாலும் கை மட்டும் ஓங்கக் கூடாது. ஒரு கை ஓங்கினாலும் அத்தனை பேர் வேலையும் போய்விடும். நிர்வாகம் அதற்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

எல்லோரும் அவள் தம்பியைத்தான் பார்த்தார்கள். வண்டியில் துணி மூட்டை ஏற்றுகிறவன். மூக்குக்கு மேல் கோபம் வரும். போன தடவை அவன் வீசிய டிபன் பாக்ஸோடு போராட்டமே படுத்துவிட்டது.

பயிற்சியில் திட்டுகிற வேஷம் பட்டாசுக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? வரிசையாகத் திட்டிக்கொண்டே போனாள். எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். சிரித்தால் என்ன பயிற்சி? அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா வீட்டுத் தண்டச்சோறு! உனக்கெல்லாம் போராட்டம் ஒரு கேடா?"

வேலையில்லாமல் அவன் அவள் வீட்டில் கிடந்த காலத்தில்கூட அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. தம்பி விருட்டென்று எழுந்தான். கை பாதி ஓங்கி நின்றது. பிறகு பக்கத்து ஆளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அப்படித்தான்!" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வேலைநிறுத்தத்தன்று மேனேஜர் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கிண்டிப் பார்த்தார். தம்பியிடம் வந்ததும் குனிந்தார். அவன் கதைதான் ஊருக்கே தெரியுமே.

"நீ அக்கா வீட்ல உக்காந்து தின்ன தண்டச்சோறுதானேடா?"

போச்சு என்று பட்டாசு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தம்பியின் குரல்தான் கேட்டது.

"சார், இதை எங்க அக்கா உங்களைவிட நல்லாவே சொல்லிட்டா. புதுசா ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் முகம் செத்துப்போய் உள்ளே போனார். ஒரு கையும் ஓங்கவில்லை. மதியத்துக்குள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் தம்பி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"அன்னைக்கு சொன்னியே, அது நடிப்புதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனிடம் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

"பாதி."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சரி, மீதிப் பாதிக்குச் சோறு போடு."

பட்டாசு வாயே திறக்காமல் தட்டு நிறையப் போட்டாள்.