மேற்கு வெயிலும் என் பிளான்களும்

வீட்டுக்கு பிளான் போடுகிறவனை வீடு கட்டும்போது யாரும் திட்டுவதில்லை. முதல் கோடை வந்த பிறகுதான் தேடி வருவார்கள். எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் தொழில் தொடங்கியவன் நான். ஃபேன் காற்றே அனலாக இறங்கும் அறையில் படுத்துப் புரண்டவர்களுக்கு, அதாவது உங்களுக்கு, நான் சொல்வது புரியும்.

கண்ணாடிச் சுவர்

காட்டூரில் கணக்கு வாத்தியார் ஆரோக்கியசாமி சார் வீடு கட்டினார். பம்பாயில் மச்சினர் வீட்டில் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாராம். ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். "வெயில் நேரா உள்ளே வரும் சார். சன்னலைச் சின்னதாக்கி மேலே சன்ஷேடு போடலாம்" என்றேன். கேட்கவில்லை. அதற்கு மேல் வற்புறுத்த எனக்கும் தைரியமில்லை.

மே மாதம் போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் போர்வை, அதன் மேல் கோணி. பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிய, இரண்டு ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாரின் மனைவி காபியை நீட்டியபடி சொன்னார்: "பம்பாய்ல கண்ணாடி வழியா கடல் தெரியுமாம். எங்களுக்குக் கோணி தெரியுது."

மூடிய முற்றம்

இதில் தப்பு என்னுடையது. ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் என்ற பேங்க் ஊழியர் வீடு. தம்பிக்குக் கல்யாணமாகி அறை போதவில்லை. நடுமுற்றத்தைத் தளம் போட்டு மூடி அறையாக்கச் சொன்னார். வேலை வந்த சந்தோஷத்தில், ஃபேன் மாட்டினால் சரியாகிவிடும் என்று மறுபேச்சில்லாமல் வரைந்து கொடுத்தேன்.

அடுத்த கோடையில் அந்தத் தம்பிக்குப் பெண் குழந்தை. மின்வெட்டுக் காலம் வேறு. ஒரு மத்தியானம் ரங்கராஜன் சைக்கிளில் வந்து என்னைக் கையோடு அழைத்துப் போனார். உள்ளே கால் வைத்ததும் இருட்டு, வெக்கை. குழந்தையின் தாய் வைதேகி, உடம்பெல்லாம் வேர்க்குரு சிவந்த பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் குழந்தை துவண்டுபோய் டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள். யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாளே ஆட்களோடு போய்த் தளத்தை உடைத்தேன். தம்பி குடும்பத்துக்கு மொட்டை மாடியில், வெயில் தாக்காமல் மேலே கீற்றுக் கொட்டகை போட்டு, ஓர் அறை எழுப்பினோம். முற்றத்தில் வானம் தெரிந்த அன்று கரண்ட் இல்லை, ஆனாலும் குழந்தை தூங்கியது. வைதேகி தலை நிமிராமலே சொன்னாள்: "வாயு பகவானை வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேளே, இப்பவாவது உள்ளே விட்டேளே."

லைட் எரியாத ஆபீஸ்

லால்குடியில் விவசாயிகள் வந்துபோகும் ஓர் அலுவலகம். அடிபட்டுக் கற்றதையெல்லாம் அங்கே காட்டினேன். வடக்கே பெரிய சன்னல்கள், மேற்கே வராந்தா, சுவரின் உச்சியில் சூடு வெளியேறத் திறப்புகள். பகலில் ஒரு பல்புகூடத் தேவையில்லை.

ஆறு மாதம் கழித்துப் பெருமையோடு போனால், காலை பதினொரு மணிக்கு எல்லா ட்யூப்லைட்டும் எரிகிறது. பியூன் கோவிந்தனிடம் ஏன் என்று கேட்டேன். ரொம்பப் பொறுமையாக விளக்கினார்: "லைட் எரியலேன்னா ஆபீஸ் லீவுன்னு ஜனங்க திரும்பிப் போயிடுறாங்க சார்."

காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி போட எனக்குப் பத்து வருஷத்தில் வந்துவிட்டது; ஸ்விட்ச் போடும் கைக்குத்தான் இன்னும் பிளான் போடத் தெரியவில்லை.