மாசில்லாத மண், எங்கள் வீட்டு வாசலிலிருந்து

என் ஆராய்ச்சிக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் மின் பொறியியல் பேராசிரியர், இன்னொருவர் வேதிப் பொறியியல் பேராசிரியை. பெங்களூரில் ஒரே வளாகத்தில் எதிரெதிர் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சாலை, ஒரு காபிக் கடை. இரு துறைகளும் கைகோத்துச் செய்யும் ஆராய்ச்சி என்று நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் இருந்தது. நடைமுறையில் அந்தச் சாலையைக் கடந்த ஒரே ஆள் நான்தான்.

நான் செய்ய வேண்டியது, மண்ணில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று அங்கேயே சொல்லும் சின்னக் கருவி. மண்ணைக் கரைசலாக்கி வடிகட்டி, அதில் ஊசி போன்ற மின்முனையை நனைத்து, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும். நஞ்சு இருந்தால் திரையில் கோடு எழும்பும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். மின்முனையின் பூச்சு மேடத்தின் பொறுப்பு. கோட்டைப் படிக்கும் சர்க்யூட் சாரின் பொறுப்பு. தவறு என்று ஏதாவது வந்தால் அது என் பொறுப்பு.

நஞ்சுள்ள மண்ணுக்கு நான் அலைய வேண்டியதில்லை. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் பிறந்தவளுக்கு அதில் ஒரு செல்வாக்கு உண்டு. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய சாம்பல் நிறப் பொடிமண் எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறது. தங்கத்தைப் பிரிக்கச் சைனைடு ஊற்றியதால் சைனைடு மேடு என்போம்; பாறையில் இருந்த ஆர்செனிக்கும் அதிலேயே தங்கிவிட்டது. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் போய் ஒரு டப்பா நிறைய அள்ளி வந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, கன்ட்ரோல் சாம்பிளாக, நஞ்சில்லாத மண்ணும் வேண்டும். 'ஆய்வாளர் அறிந்தவரை மாசில்லாத ஓர் இடத்திலிருந்து எடுக்கவும்' என்றது படிவம். நான் அறிந்தவரை எங்கள் வீட்டைவிடச் சுத்தமான இடம் உலகத்தில் இல்லை. அம்மா தினமும் ரயிலேறிப் போய், பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள். அங்கே கண்ணாடிச் சுவரில் விரல் ரேகை பார்க்கும் அதே கண்ணோடுதான் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டையும் பார்ப்பாள். எங்கள் பாத்திரங்களில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஆகவே வாசல் முருங்கை மரத்தடியில் தோண்டி எடுத்து, 'மாசில்லாத மண்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எடுத்த இடம் என்ற கட்டத்தில் 'குடியிருப்புப் பகுதி' என்று மட்டும் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொத்தனாரான அப்பா அளவு டேப்பில் உள்ள எண்களைப் படிப்பார், தன் பெயரை வரைவார், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் சிலர் முகம் இளகிவிடும். தேர்வு எழுதி வந்தவளிடம் அந்த இளக்கத்தைக் காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் வீட்டைப் பற்றி ஆய்வகத்தில் பேசுவதில்லை. மண்ணை மட்டும் கொண்டுவந்தேன்.

கோடு எழும்பியது. சைனைடு மேட்டு மண்ணுக்கு எழும்பிய அதே உயரத்துக்கு.

சார் திரையை எட்டிப் பார்த்தார். கன்னடக்காரர். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார்.

"நோடம்மா, சர்க்யூட் பர்ஃபெக்ட். உங்க மேடம் பூசின எலக்ட்ரோட்தான் எதைப் பாத்தாலும் ஆர்செனிக் ஆர்செனிக்னு கத்துது."

சாலையைக் கடந்தேன். மேடம் சென்னைக்காரர்.

"என் பூச்சு சரியாத்தான் இருக்கு. அவர் சர்க்யூட்ல நாய்ஸ். பழைய ரேடியோவத் திறந்து போட்டிருப்பாரு, போய்க் கேளு."

அப்படியே போய்க் கேட்கவில்லை. சாரிடம் வேறு சொற்களில் சொன்னேன். அவரும் வேறு சொற்களில் பதில் சொல்லியனுப்பினார். இப்படியே மூன்று மாதம் சர்க்யூட்டை மாற்றினேன், மூன்று மாதம் பூச்சை மாற்றினேன். சர்க்யூட் இரண்டு முறை சுத்தமானது, மின்முனை ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் கோடு விசுவாசமாக எழும்பி நின்றது. இரண்டு முனைவர்களும் ஒரு மாணவியும் சேர்ந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், டப்பாவில் இருந்த மண்ணைத் தவிர. அதில்தான் 'மாசில்லாத மண்' என்று எழுதியிருந்ததே.

இரண்டாம் ஆண்டு மதிப்பாய்வு நெருங்கியது. நல்ல மண்ணையும் கெட்ட மண்ணையும் பிரித்தறியாத கருவியோடு குழு முன்னால் நின்றால் தலைப்பை மூடிவிடுவார்கள். உதவித்தொகையும் அதோடு போகும். புதிதாக மண் எடுத்துக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அதே முருங்கை மரத்தடி. அப்பா பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, புதையல் தேடறியா?"

"மண்ணு வேணும்பா. நல்ல மண்ணு."

"நல்ல மண்ணுதான். ஒரு கல்லு கெடைக்காது பாரு. பவுடர் மாரி இருக்கும். நான் பொறுக்கி எடுத்தாந்ததாச்சே."

"எங்கேந்து?"

"சைனைடு மேட்டுலேந்துதான். நீ பொறக்கறதுக்கு முன்னாடி மழ வந்தா வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கும். ஏழு வண்டி அள்ளியாந்து கொட்டி மேடு பண்ணேன்." பெருமையாகக் காலால் தட்டிக் காட்டினார். "இன்னிக்கி வரைக்கும் ஒரு சொட்டு நிக்கில."

அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது மகிழ்ச்சி. என் கருவி சரி. ஆறு மாதமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதுதான். அந்த மகிழ்ச்சி தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்து முருங்கை மரத்தைப் பார்த்தேன். அன்று மதியம்தான் அதன் கீரைப் பொரியலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

மதிப்பாய்வில் இரண்டு வழி இருந்தது. மண் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தால் கருவி செத்தது. சொன்னால் கருவி பிழைக்கும். ஆனால் நஞ்சு மேட்டின் மேலேயே பிறந்து வளர்ந்து, அந்த மண்ணையே மாசில்லாதது என்று கையெழுத்திட்டுக் கொடுத்த ஆய்வாளர் என்ற பெயர் எனக்கு மிஞ்சும். அதோடு அந்த இளகிய முகங்களும்.

சொன்னேன். குழுவில் ஐந்து பேர். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கன்ட்ரோல் சாம்பிளை ஏன் உங்க வீட்டிலிருந்து எடுத்தீங்க?"

"எனக்குத் தெரிந்து சுத்தமான இடத்திலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தது, சார்."

யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் சார் எழுந்து, தன் சர்க்யூட்டின் மேல் தனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை என்றார். மேடமும் எழுந்து தன் பூச்சைப் பற்றி அதையே சொன்னார். இருவரும் ஒரே அறையில் ஒரே கருத்தைச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆராய்ச்சி தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 'சமூகப் பங்கேற்புக்கு நல்ல வாய்ப்பு' என்று கீழே ஒரு குறிப்பு. அதாவது, எங்கள் வீடு.

அந்தச் சனிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கைக்கீரை வேண்டாம், மண்ணை மூட வேண்டும் என்றேன். அவள் காதில் வேறொன்று விழுந்திருந்தது.

"அத்தினி பேரு முன்னாடி நம்ம வீடு அழுக்குன்னு சொல்லிட்டு வந்தியா?"

"வீட்ட சொல்லலம்மா, மண்ண."

"மண்ணு மேலதான வீடு கீது?" பக்கத்து வாசல் பக்கம் கையை நீட்டினாள். "பக்கத்து வீட்டுதையும் எடுத்துப் பாரு. அவ பெருக்கற லட்சணத்துக்கு நம்மள விட ஜாஸ்திதான் வரும்."

பக்கத்து வீட்டு அக்கா தாராளமாகக் கொடுத்தார். ஒரு டப்பா கேட்டதற்கு இரண்டு டப்பா. செய்தி லைன் முழுக்கப் பரவி, பள்ளி மார்க் போல எந்த வாசலுக்கு எத்தனை என்று கேட்க ஆரம்பித்தார்கள். குறைந்த மார்க் எடுத்தவர்தான் முதல் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் முடிவோடு வந்தபோது அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

"அவங்களுக்கு இன்னா வந்துச்சு?"

குறைத்துச் சொல்ல முடியாது. கூட்டியும் சொல்ல முடியாது.

"கோடு எழும்பவே இல்லம்மா. படுத்துக் கெடக்குது."

"உன் மிஷினு கோளாறு. திரும்பப் பாரு."

"மிஷின் சரியாத்தாம்மா கீது."

குரலில் தயக்கம் இல்லாமல் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா கதவை விட்டு வெளியே இறங்கி வந்தாள். பக்கத்து வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மழை நீர் அங்கே இன்னும் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"உங்கப்பா மேட்டு மண்ணு வண்டி ஓட்டனப்போ அவங்களும் ரெண்டு வண்டி கேட்டாங்க," என்றாள் மெதுவாக. "அவரு குடுக்கலாம்னாரு. நாந்தான் குடுக்க வேணாம்னுட்டேன்."