அக்கா உட்கார்ந்து கேட்காத இசைத்தட்டு

என் அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் அவருக்குப் பேச்சு குறைவு. எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா? இப்ப தெரியுதா?" என்பதோடு சரி. அப்படி மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் விடுமுறை நாளில் ஒரே ஒரு இசைத்தட்டைப் பற்றிப் பேசியே தீர்ப்பார்.

அது வெளிநாட்டு ராக் இசை. அதிலும் 'ப்ரோக்ரெசிவ் ராக்' என்று தனி ரகம். அட்டையில் கோட்டுப் போட்ட ஒருவர் மாடிப்படியில் படகு விட்டுக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால் அத்தானுக்குக் கோபம் வரும். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாடகர் வாய் திறப்பதற்குள் கொடியில் போட்ட துணி காய்ந்துவிடும் என்பாள் அக்கா. தாளம் நாலில் போகிறதே என்று நம்பிக் காலைத் தட்டினால், ஏழுக்குத் தாவி நம் காலை வாரிவிடும்.

முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

"புதுக் கண்ணாடி போட்டாலும் முதல்ல தலை சுத்தத்தான் செய்யும் மாப்ள. கழட்டாம இரு, பழகிடும்" என்றார் அத்தான்.

நானும் கழற்றாமல் இருந்தேன், பழகிவிட்டது. ஆர்கன் மெல்ல மெல்ல ஏறி, கிட்டார் வந்து சேர்ந்துகொள்ளும் இடத்தில் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அத்தானின் உயிர் இருப்பது இரண்டாம் பக்கத்தின் நடுவில். ஆர்கன் ஒரு சின்னத் துணுக்கை வாசிக்கும். திரும்ப அதையே வாசிக்கும். தொலைந்த சாவியைத் தேடி வீட்டையே சுற்றுகிற ஆள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, சட்டென்று அறுத்துக்கொண்டு பாயும். சில நாள் ஆறு சுற்று, சில நாள் பத்து.

"கேக்கறவன் மனசு எப்படி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி சுத்தும். அதுதான் மேதைத்தனம்" என்பார். விருந்தாளிகள், தபால்காரர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் என்று எல்லோரும் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். ஒரு தட்டு நாளுக்கு ஒரு மாதிரி எப்படி வாசிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அக்கா ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டதில்லை. இரண்டாம் பக்கத்தைப் போட்டதும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"நான் ரசிக்கிறது எதுவுமே அவளுக்குப் பிடிக்கலையோன்னு இருக்கு மாப்ள" என்று ஒரு நாள் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பாவமாகிவிட்டது.

அக்காவிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"என்னால முடியாதுடா. சொன்னாக் கேளு."

"ஒரே ஒரு தடவை. அந்த மனுஷன் ஏங்கிப் போயிருக்காரு."

அரை மனதாகச் சரி என்றாள். நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். அக்கா முதல் தடவை உட்கார்ந்து கேட்கப்போகிறாள், பழைய தட்டு கரகரக்கிறதே என்று, அதே ஆல்பத்தில் புதுசு ஒன்றை வரவழைத்துப் பழைய உறைக்குள் மாற்றி வைத்துவிட்டேன்.

அக்கா பல் பிடுங்க வந்தவள் மாதிரி சோபாவில் உட்கார்ந்தாள். முதல் பக்கம் முடிந்தது. "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் பக்கம் ஓடி நடுவை நெருங்கியது. அவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இப்ப வரும் பாரு. சுத்தும்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆர்கன் துணுக்கை வாசித்தது. ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அத்தான் எழுந்து ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். மறுபடியும் அதே கதைதான்.

"இது நம்ம தட்டு இல்ல" என்றார்.

நான் அசடு வழிந்துகொண்டே பழையதை எடுத்துக் கொடுத்தேன். பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அதன் மேல் பிடித்துப் பார்த்தார். குறுக்கே ஒரு கீறல். இத்தனை நாளும் ஊசி அதில் மாட்டிக்கொண்டுதான் சுற்றியிருக்கிறது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தபால்காரர்கிட்டகூட சொன்னேனே" என்றார்.

அவ்வளவுதான், அக்கா வெடித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அது நான் போட்ட கோடுங்க. கல்யாணம் ஆன புதுசுல, தூசி போகட்டும்னு பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சிட்டேன். சொல்லிடலாம்னு வந்தா, நீங்க அதையே மேதைத்தனம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? பக்கத்துல இருந்தா சிரிச்சிடுவேன்னுதான் ஒவ்வொரு தடவையும் உள்ள ஓடிடுவேன்."

அத்தான் பூதக்கண்ணாடியை மெல்லப் பைக்குள் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"அப்ப இதுல எனக்கு உயிரா இருக்கிற இடம், உன் கைவேலையா?"

"ஆமா."

"பழசையே போடவா?"

"போடுங்க. இனிமே ஓட மாட்டேன்."

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். "ரெண்டாம் பக்கத்துல ஆர்கன் ஒரு இடத்துல சுத்தும் பாருங்க, மொத்தத்துலயே அதுதான் உசத்தி. அது அந்தக் குழு வாசிச்சது இல்லீங்க, எங்க வீட்ல வாசிச்சது" என்கிறார்.